தேர்வுக் காலையில் வரும் வயிற்று வலி

தேர்வு நாளில் "வயிறு வலிக்குது மிஸ்" என்று வந்து நிற்கும் குழந்தை நெமிலிச்சேரியிலும் உண்டு, எல்லா ஊர்ப் பள்ளிகளிலும் உண்டு. பெரும்பாலும் அது நடிப்பன்று. கவலை வயிற்றில்தான் முதலில் தெரியும்.

பழைய மரபுகளும் இதைக் கவனித்துள்ளன. சீன மருத்துவம் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐந்து கூறுகளில் கவலையை மண்ணுடனும், மண்ணீரல், இரைப்பையுடனும் சேர்க்கிறது. திருமந்திரம் பேசும் ஆறு ஆதாரங்களையே சக்கரங்கள் என்கிறோம். அவற்றுள் மணிபூரகத்தின் இடம் தொப்புள். சக்கரங்களை உடற்கூறியலில் காண முடியாது. மனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் குறிகளாகக் கொள்ளலாம்.

வகுப்பில் செய்யும் முறை:

1. நிமிர்ந்து அமர்ந்து, ஒரு கையைத் தொப்புள்மேல் வைக்கட்டும்.
2. நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடட்டும். அடக்க வேண்டாம்.
3. மூன்று நிமிடம் போதும். மூச்சை நீளமாக விடும்போது இதயத் துடிப்பு தணியும்.

பிறகு, "எந்தப் பாடம் பயமா இருக்கு?" என்று கேளுங்கள். புரியாத கணக்கை மூச்சுப் பயிற்சி புரியவைக்காது. நாம்தான் மீண்டும் சொல்லித்தர வேண்டும்.

"உன் சக்கரம் அடைபட்டிருக்கிறது", "மண்ணீரல் பலவீனம்" என்று குழந்தையிடம் சொல்லாதீர்கள். அது இன்னொரு கவலையாகிவிடும். வலி தொடர்ந்தாலோ, உணவும் உறக்கமும் குறைந்தாலோ பெற்றோரிடம் பேசி மருத்துவரிடம் அனுப்புங்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மனாஸ் 14416 எண்ணை இலவசமாக அழைக்கலாம்.