வந்து வந்து போகும் பிழை: லினக்ஸில் கண்டுபிடிப்பது எப்படி?

எப்போதும் வரும் பிழையைச் சரி செய்வது எளிது. எப்போதாவது தலைகாட்டும் பிழைதான் தொல்லை. உபுண்டு லினக்ஸில், லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் கடிதம் ஒன்றை டைப் செய்து கொண்டிருக்கிறீர்கள். திடீரென விண்டோ மறைந்துவிடுகிறது. மீண்டும் திறந்தால் மூன்று நாள் ஒழுங்காக இயங்குகிறது. நான்காம் நாள் மறுபடியும் மறைகிறது.

உடனே லினக்ஸை மீண்டும் இன்ஸ்டால் செய்யத் தோன்றும். அவசரம் வேண்டாம். பழுது ராமில் இருந்தால் புதிய இன்ஸ்டலேஷனிலும் அது வரும்; தடயங்கள் மட்டும் அழிந்து போகும்.

முதலில் முக்கியமான பைல்களை பென் டிரைவில் காப்பி செய்திடவும். காரணம் ஹார்ட் டிஸ்க் என்றால், நீங்கள் தேடும் நேரத்திலேயே பைல்கள் போய்விடலாம்.

1. குறித்து வைக்கவும்: பிழை வந்த தேதி, நேரம், அப்போது திறந்திருந்த புரோகிராம்கள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

2. லாக் பார்க்கவும்: லினக்ஸ் தன்னுள் நடப்பவற்றை நேரத்துடன் பதிவு செய்கிறது. 'லாக்ஸ்' என்ற புரோகிராமைத் திறந்து, நீங்கள் குறித்த நேரத்து வரிகளைப் படியுங்கள். கம்ப்யூட்டரை இடையில் ரீஸ்டார்ட் செய்திருந்தால், முந்தைய பூட்டிற்கான பதிவைத் தேர்ந்தெடுக்கவும். கவனிக்க வேண்டியவை மூன்று:

* அவுட் ஆஃப் மெமரி: ராம் போதாததால் கெர்னலே புரோகிராமை நிறுத்தியிருக்கிறது. ஒரே நேரத்தில் பல புரோகிராம்களைத் திறப்பதைக் குறையுங்கள்.

* செக்பால்ட்: புரோகிராம் தனக்கு அனுமதியில்லாத மெமரி இடத்தைத் தொட்டிருக்கிறது. எப்போதும் ஒரே புரோகிராமின் பெயர் வந்தால், அதில் குறை இருக்க வாய்ப்பு அதிகம், அப்டேட் செய்திடவும். வெவ்வேறு பெயர்கள் வந்தால் ராமைச் சந்தேகிக்கலாம்.

* ஐ/ஓ எர்ரர்: டிஸ்க் அல்லது அதன் கேபிளில் கோளாறு இருக்கலாம். 'டிஸ்க்ஸ்' புரோகிராமில் ஸ்மார்ட் சோதனையை இயக்கிப் பாருங்கள்.

3. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்: ரைட்டரின் ஹெல்ப் மெனுவில் 'ரீஸ்டார்ட் இன் சேப் மோட்' கிளிக் செய்து வேலை பாருங்கள். பிழை வராவிட்டால், உங்கள் செட்டிங்ஸ் அல்லது எக்ஸ்டென்ஷன் காரணமாக இருக்கலாம். வந்தால், உபுண்டுவை யுஎஸ்பி டிரைவிலிருந்து பூட் செய்து சில நாட்கள் பாருங்கள். அதிலும் பல புரோகிராம்கள் மறைந்தால் ஹார்டுவேர் பக்கம் திரும்பலாம்.

4. ராம் சோதனை: பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் 'மெம்டெஸ்ட்86+' இருந்தால், அதைத் தேர்ந்தெடுத்து இரவு முழுவதும் ஓடவிடவும். ஒரு எர்ரர் வந்தாலும் அலட்சியம் வேண்டாம். கம்ப்யூட்டரை ஆப் செய்து, பிளக்கை எடுத்தபின், ராமைக் கழற்றி மீண்டும் பொருத்திச் சோதியுங்கள். இரண்டு ராம் இருந்தால் தனித்தனியாகச் சோதியுங்கள்.

இறுதியாக ஒன்று. நான்கு நாளுக்கு ஒருமுறை வந்த பிழை, இரண்டு நாள் வரவில்லை என்பதால் தீர்ந்துவிட்டதாக எண்ணாதீர்கள். அதுபோல் மூன்று மடங்கு, அதாவது 12 நாட்களாவது பொறுத்திருந்து முடிவு செய்யுங்கள்.