நாளைய டிபன் பாக்ஸ் இன்று ராத்திரி வேலை

விழுப்புரம் ஜங்ஷனில் அதிகாலை பாசஞ்சருக்கு நிற்கிறவர்களிடம், வீட்டுச் சாப்பாடு கட்டிக்கொண்டு வராததற்குக் காரணம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான்: "காலையில எங்க சார் நேரம்?" நியாயமான பதில். விழுப்புரத்திலிருந்து சென்னை சுமார் 160 கிலோமீட்டர், திண்டிவனத்திலிருந்து சுமார் 120. செங்கல்பட்டு, மறைமலை நகர், தாம்பரம் என்று தினமும் போய்வருகிறவரை விடிவதற்கு முன்பே எழுந்து அடுப்புப் பற்றவைக்கச் சொல்வது கொடுமை. நான் அதைச் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவரின் சமையலில் முக்கால் பங்கை ஞாயிற்றுக்கிழமையிலும் முந்தின இரவிலும் முடித்துவிடலாம் என்கிறேன். காலையில் மிச்சம் இருப்பது சோறு வைப்பதும் தாளிப்பதும் மட்டும்தான்.

ரயிலில் போகிறவர்களுக்காக மட்டும் இதை எழுதவில்லை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் ஷிப்ட் மாறி மாறிப் பார்க்கும் செவிலியர், போக்குவரத்துக் கழகத்து ஓட்டுநர், நடத்துனர், பெலாக்குப்பம் சிப்காட்டில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், கடைத்தெருவில் ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கும் பெண்கள் எல்லாருக்கும் இது பொருந்தும்.

முதலில் காசுக் கணக்கு. காலை டிபன் 50 ரூபாய், மதியச் சாப்பாடு 90, சாயங்காலம் டீயோடு பஜ்ஜியோ பாக்கெட் தீனியோ 30 என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 170. மாதத்தில் 25 வேலை நாள் என்றால் 4,250 ரூபாய். 15,000 சம்பளக்காரருக்கு இது கால் பங்குக்கும் மேல். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். ஒரு வாரம் எழுதிவைத்துக் கூட்டிப் பாருங்கள். வீட்டில் சமைத்தாலும் செலவு உண்டுதான். ஆனால் அரிசி அட்டை உள்ள வீட்டுக்கு ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது; துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வருகிறது. அதை வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டலுக்குக் காசு கொடுக்கும் வீடுகள் இந்த இரண்டு ஊரிலும் நிறைய.

அடுத்தது உடம்பு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு 2019இல் ஒரு சோதனையை வெளியிட்டது. 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாராகும் உணவும் இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய தட்டில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து இரண்டுக்கும் ஏறக்குறைய சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு சாப்பிட்ட நாட்களில் அதே ஆட்கள் தினம் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடியது. உட்கார்ந்து பார்க்கும் வேலையில் இருப்பவர்கள் இந்த எண்ணை மறக்கவே கூடாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டாம். முதலில் விட வேண்டியது சாயங்காலத் தீனி. பசி தாங்காத நேரம், கையில் கிடைப்பதை வாங்குகிறோம். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கு 2018 ஜூலையிலிருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. சட்டி எத்தனையாவது நாள் எண்ணெயில் கொதிக்கிறது என்று வாங்குகிற நமக்குத் தெரிய வழியில்லை. இதற்கு மாற்று தேடி எங்கும் போக வேண்டாம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 2 ரக நிலக்கடலை, நம் மல்லாட்டை, 1940இலேயே வெளிவந்து நாடெங்கும் பரவியது. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கித் தின்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நூறு கிராம் மல்லாட்டையில் சுமார் 25 கிராம் புரதம். ராத்திரி ஊறவைத்து, காலையில் உப்புப் போட்டு வேகவைத்து ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டால் அன்றைக்குச் சாயங்காலம் கையை நீட்ட வேண்டியிருக்காது.

கடையில் வாங்கும் இட்லி மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேலை நெரிக்கும் வாரத்தில் வாங்கலாம், பாவமில்லை. குளிர்ப்பெட்டியில் இருந்ததா, தேதி போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரவுச் சாப்பாடே பரோட்டா, நூடுல்ஸ் என்று ஆகிப்போவதுதான் எனக்குக் கவலை.

ஞாயிற்றுக்கிழமை

விடியற்காலையில் உழவர் சந்தை. வெயில் ஏறுவதற்குள் போனால் கீரை வாடாமல் கிடைக்கும். வந்ததும் கீரையை ஆய்ந்து, கழுவாமல், துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். பீன்ஸ், கோஸ், கேரட் நறுக்கி வைக்கலாம். வாழைக்காய், கத்தரிக்காய், உருளைக்கிழங்கை நறுக்கி வைக்காதீர்கள், கறுத்துவிடும்.

மாவுக்கு இட்லி அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஒரு ஸ்பூன் வெந்தயம். இதில் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. அரைத்த மாவு முழுவதையும் புளிக்கவிடாதீர்கள். பாதியை வெளியில் வைத்து, மறுபாதியை அரைத்த உடனே குளிர்ப்பெட்டிக்குள் தள்ளிவிடுங்கள். முதல் பாதி செவ்வாய்க்கிழமையோடு தீரும். அன்று ராத்திரி இரண்டாம் பாதியை வெளியே எடுத்து வைத்தால் புதன் காலை புது மாவு. வாரம் முழுக்கப் புளித்துப்போன தோசை சாப்பிட வேண்டியதில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் ஆறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். மார்கழியில் ராத்திரி முழுக்க வேண்டும். கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பாருங்கள்.

அடுத்தது புளிக்காய்ச்சல். ஒரு மணி நேரம் இதற்குக் கொடுத்தால் மூன்று வாரத்துக்கு அவசரச் சாப்பாடு கையில் இருக்கும். கெட்டியான புளிக்கரைசல், தாராளமாக நல்லெண்ணெய், காய்ந்த மிளகாய், கடலைப்பருப்பு, மல்லாட்டை, பெருங்காயம், மஞ்சள், வறுத்துப் பொடித்த வெந்தயம், கடைசியில் கொஞ்சம் வெல்லம். எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை அடுப்பு சிறு தீயில் இருக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் சீக்கிரம் கெடும். ஆறியதும் கண்ணாடி பாட்டிலில் போட்டு, ஈரமில்லாத கரண்டியால் மட்டும் எடுங்கள். இதோடு பருப்புப் பொடி, எள்ளுப் பொடி இரண்டில் ஒன்று. குழம்புத் தூளை மாதம் ஒருமுறை மெஷினில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி

இரவுச் சமையல்தான் மறுநாள் மதியத்தையும் தீர்மானிக்கிறது. ராத்திரி காரக்குழம்போ வத்தக்குழம்போ வைத்தால் இரட்டிப்பாக வையுங்கள். ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வைத்து, காலையில் நன்றாகக் கொதிக்கவிட்டால் ருசி கூடித்தான் இருக்கும். பருப்புச் சாம்பாருக்கும் தேங்காய் அரைத்துவிட்ட குழம்புக்கும் இது ஒத்துவராது. கொண்டைக்கடலை, பயறு ஊறப்போடுவது, நாளைய காயை எடுத்து முன்னால் வைப்பது, டப்பாவைக் கழுவிக் கவிழ்ப்பது எல்லாம் படுக்கும் முன் பதினைந்து நிமிட வேலை. காலையில் "என்ன செய்யலாம்?" என்று யோசிப்பதில் போகும் நேரம்தான் பெரிய நேரம். அந்தக் கேள்விக்கு ராத்திரியே பதில் இருக்கட்டும்.

காலையில் குக்கரின் கீழ் அடுக்கில் அரிசி, மேல் அடுக்கில் பருப்பு. பக்கத்து அடுப்பில் பொரியல். நாற்பது நிமிடம் போதும். விடியற்காலை வண்டிக்காரர்கள் காலை டிபனைத் தனியாகச் செய்ய வேண்டாம். முந்தின ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். அதை டப்பாவில் போட்டு மதியத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

டப்பாவைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசி வெந்தாலும் சாகாது. சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகி நஞ்சைக் கக்கும். அதில் ஒருவகை நஞ்சைத் திரும்பச் சூடுபடுத்தினாலும் அழிக்க முடியாது. ஆகவே ராத்திரி வெளியே கிடந்த சோற்றைக் காலையில் கிளறிக் கட்டாதீர்கள். காலையில் வடித்த சோற்றை விரித்து ஆவி அடங்கியபின் மூடுங்கள். கோடையில் தேங்காய்ச் சட்னி வேண்டாம், நல்லெண்ணெய் குழைத்த பொடி போதும். தயிர்ச்சோற்றுக்குக் குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பால் ஊற்றி ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேருங்கள். மதியம் திறக்கும்போது புளிக்காமல் உறைந்திருக்கும்.

ராத்திரி ஷிப்ட் பார்க்கும் செவிலியர்கள் வேலைக்குக் கிளம்பும் முன்பே முழுச் சாப்பாட்டை முடித்துவிடுவது நல்லது. நடுராத்திரிக்கு நான்கு இட்லியோ கஞ்சியோ சுண்டலோ போதும். இரண்டு மணிக்குக் குழம்புச் சோறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அசத்தும் கண்ணோடு மருந்தை அளந்து கொடுப்பது நோயாளிக்கும் ஆபத்து.

யார் சமைப்பது?

வேலைக்குப் போகிறவர்களுக்கான வழிகாட்டிகள் பலவும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. "வீட்டுச் சாப்பாடுதான் நல்லது" என்று ஒரு ஆண் சொன்னால், அதற்காக ஒரு பெண் நாலு மணிக்கு எழுந்திருக்கிறாள் என்று பல வீட்டில் பொருள். 2019இல் தேசிய புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரி 299 நிமிடம். அதே வேலை செய்யும் ஆண்களுக்கு 97 நிமிடம். அவளும் காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறவளாக இருந்தால், வீட்டுச் சாப்பாட்டின் செலவு முழுவதும் அவள் தூக்கத்திலிருந்து போகிறது. அப்படிப்பட்ட வீட்டில் ஓட்டல் பார்சலை நான் குறை சொல்ல மாட்டேன்.

இதைச் சரிசெய்யாமல் மேலே சொன்ன எதுவும் ஒரு மாதம்கூட நிற்காது. பங்கு பிரிக்கும்போது "உதவி" என்று பிரிக்காதீர்கள். காய் நறுக்கிக் கொடுப்பவர் உதவியாளராகவே நின்றுவிடுவார். என்ன சமைப்பது, எது தீர்ந்தது, எதை ஊறப்போட வேண்டும் என்ற கவலை ஒரே தலையில் இருக்கும். முழு வேலையாகக் கொடுங்கள். ஞாயிறு மாவு ஒருவர் பொறுப்பு என்றால் உளுந்து வாங்குவதிலிருந்து கிரைண்டர் கல்லைக் கழுவிக் கவிழ்ப்பது வரை அவருடையது. வாரத்தில் இரண்டு நாள் டப்பா கணவனுடையது என்றால் அந்த இரண்டு நாளும் மனைவி அடுப்பங்கரைக்கு வரவே வேண்டாம். உப்பு கூடினாலும் சாப்பிடலாம், இரண்டு மாதத்தில் கை பழகிவிடும். பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, சோறு வடிக்கவும் தோசை ஊற்றவும் தெரிந்திருக்க வேண்டும். வேலை கிடைத்து வெளியூரில் அறை எடுக்கும் நாளில் கைகொடுக்கப்போவது அதுதான்.

வேலையிடத்தில்

கொண்டுபோன சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட இடமும் நேரமும் வேண்டும். அது முதலாளியின் கருணை இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே 150 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் சாப்பாட்டு அறையும் குடிநீரும், 250 பேருக்கு மேல் என்றால் கேன்டீனும் வேண்டும் என்றது. ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வும் கட்டாயம் என்றது. 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் கேன்டீனுக்கான வரம்பு 100 பேராகக் குறைந்திருக்கிறது. கடைகளுக்குத் தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு: நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒரு மணி நேர இடைவேளை. உட்கார இருக்கை தர வேண்டும் என்பது 2021இல் சேர்ந்தது. குடோனில் மூட்டை மேல் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் விழுங்கும் பெண்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தனியாகக் கேட்கத் தயக்கம் என்றால் நான்கு பேர் சேர்ந்து கேளுங்கள்.

அதே நான்கு பேர் டப்பாவையும் பங்கு போடலாம். சோறு அவரவர் வீட்டிலிருந்து. குழம்பு ஒருவர், பொரியல் ஒருவர், கீரை ஒருவர், மோர் ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு வேலைதான் மிஞ்சும், தட்டில் நான்கு வகை வரும்.

அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளே, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே "சமைக்கலாமா?" என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். மின்சாரத்துக்குத் தனி மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். மூன்று லிட்டர் குக்கர், ஒரு வாணலி, ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு சின்ன மிக்ஸி போதும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மாவிடம் பொடியும் புளிக்காய்ச்சலும் வாங்கி வாருங்கள். அடுத்த முறை பக்கத்தில் நின்று நீங்களே கிண்டுங்கள். முதல் வாரமே ஆறு நாளும் சமைக்கக் கிளம்பாதீர்கள். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள் மதியம் மட்டும் வையுங்கள்: ஒரு நாள் புளிச்சோறும் அவித்த முட்டையும், ஒரு நாள் பருப்புப் பொடிச் சோறும் பீன்ஸ் பொரியலும், ஒரு நாள் தயிர்ச்சோறும் ஊறுகாயும். அடுத்த வாரம் செவ்வாயைச் சேர்த்துக்கொள்ளலாம்.