பின்சக்கரங்களும் திரும்பினால் கார் நன்றாக வளையுமா?



சென்ற மாதம் ஒரு நாள் அறிவியல் கூடத்தைப் பூட்டிவிட்டுப் படியிறங்கும்போது படிவம் 4 மாணவர் ஒருவர் என்னை நிறுத்தினார்.

“சார், என் அண்ணன் பழைய ஹோண்டா பிரெலூட் காடி வாங்கப் போறாரு. ரெண்டு காடி பாத்து வச்சிருக்காரு. ஒன்னு சாதாரணம். இன்னொன்னுல நாலு சக்கரமும் திரும்புமாம். அதுக்கு விலை கூட. கூடக் கொடுத்து வாங்கலாமா சார்?”

அண்ணன் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த பணம் அது. ஆகவே “தெரியவில்லை, தம்பி” என்று சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. இது காரைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், விடை படிவம் 3 கணிதத்திலும் படிவம் 4 இயற்பியலிலும் இருக்கிறது. வாருங்கள், நாமே கண்டுபிடிப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘போர் வீல் டிரைவ்’ என்பது நான்கு சக்கரங்களுக்கும் இயந்திரத்தின் ஆற்றல் போவது. நாம் பேசப்போவது அதுவன்று. ஸ்டீயரிங்கைச் சுழற்றினால் முன்சக்கரங்களோடு பின்சக்கரங்களும் சற்றே திரும்பும் ஏற்பாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறோம். இதை நான்கு சக்கரத் திருப்பம் என்று அழைப்போம். பிரெலூட் போன்ற இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரைக் ‘கூப்பே’ என்பார்கள்.

லோரி கற்றுத்தரும் பாடம்

பாசிர் கூடாங் துறைமுகச் சாலையில் கொள்கலன் லோரி ஒன்று சந்திப்பில் திரும்புவதைப் பாதுகாப்பான தூரத்தில் நின்று கவனியுங்கள். முன்சக்கரங்கள் அகலமாக வளைந்து போகும். பின்சக்கரங்களோ அதே தடத்தில் வருவதில்லை. சாலையின் உள்பக்க ஓரத்தை ஒட்டிக் குறுக்கே வெட்டி வரும். திரும்பும் லோரியின் உள்பக்கத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஏன் அப்படி? முன்சக்கரங்கள் மட்டுமே திரும்புவதால் வண்டி சுழலும் வட்டத்தின் மையம் பின் அச்சின் நேர்கோட்டில் அமைகிறது. அந்த மையத்திலிருந்து முன்சக்கரம் தொலைவிலும் பின்சக்கரம் அருகிலும் இருக்கும். ஆகவே முன்சக்கரம் பெரிய வட்டத்திலும் பின்சக்கரம் சிறிய வட்டத்திலும் ஓடுகின்றன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் கூடக்கூட இந்த வேறுபாடும் கூடும்.

மெதுவாகப் போகும்போது: எதிர்த்திசை

ஒரு கூப்பேயின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 2.6 மீட்டர் என்று கொள்வோம். முன்சக்கரங்கள் 30 பாகை திரும்புகின்றன. திருப்ப ஆரத்தைக் காண, அச்சு இடைத்தூரத்தை முன்சக்கரக் கோணத்தின் டேன் மதிப்பால் வகுக்க வேண்டும்.

2.6 ÷ டேன் 30° = 2.6 ÷ 0.577 = 4.5 மீட்டர்

இப்போது பின்சக்கரங்களை எதிர்த்திசையில் 5 பாகை திருப்புவோம். முன்சக்கரம் இடப்பக்கம் என்றால் பின்சக்கரம் வலப்பக்கம். அப்போது இரண்டு டேன் மதிப்புகளையும் கூட்டி வகுக்க வேண்டும்.

2.6 ÷ (0.577 + 0.087) = 2.6 ÷ 0.664 = 3.9 மீட்டர்

வெறும் 5 பாகையில் ஆரம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. கார் தன் நீளத்தையே குறைத்துக்கொண்டது போல, 2.26 மீட்டர் அச்சு இடைத்தூரம் கொண்ட சிறிய காரைப்போல் வளைகிறது. வாகன நிறுத்துமிடத்தில் இது வசதிதான்.

ஆனால் ஒரு சிக்கலும் உண்டு. சுவரை ஒட்டி நிறுத்திய காரை வெளியே எடுக்கும்போது பின்சக்கரங்கள் எதிர்த்திசையில் திரும்பினால், காரின் வால்பகுதி சுவர் பக்கமாக நகரும். கிடங்குகளில் ஓடும் பாரந்தூக்கிகள் பின்சக்கரத்தால் திரும்புபவை. அவற்றின் வால் எப்படி வெளிப்பக்கம் வீசுகிறது என்று பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

வேகமாகப் போகும்போது: ஒரே திசை

நெடுஞ்சாலையில் கதை வேறு. மணிக்கு 108 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 30 மீட்டர். அந்த வேகத்தில் தடம் மாறும்போது என்ன நடக்கிறது?

டயர் ரப்பரால் ஆனது. சக்கரம் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் ஏற்பட்டால்தான் டயர் பக்கவாட்டு விசையைத் தரும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முன் டயர்களில் இந்தக் கோணம் உடனே உண்டாகிறது. பின் டயர்களிலோ, காரின் உடல் சற்றுச் சுழன்ற பிறகுதான் உண்டாகும். நிலைமம் காரணமாக உடல் சுழல நேரம் எடுக்கும். அதனால் பின்பகுதி சிறிது தாமதமாகவே விசை தரத் தொடங்குகிறது. இந்தத் தாமதம் 0.1 வினாடி என்றே வைத்துக்கொண்டாலும் அதற்குள் கார் 3 மீட்டர் போய்விடும். வால் ஆடுவது போன்ற உணர்வு இதனால்தான் வருகிறது.

பின்சக்கரங்களும் முன்சக்கரங்களின் திசையிலேயே சற்றுத் திரும்பினால் நான்கு டயர்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விசை தரும். காரின் உடல் அதிகம் சுழலாமல் பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த தடத்துக்குச் செல்லும்.

கணக்கிலும் பார்க்கலாம். முன்சக்கரம் 3 பாகை, பின்சக்கரம் அதே திசையில் 1 பாகை. இப்போது டேன் மதிப்புகளைக் கழிக்க வேண்டும். 2.6 ÷ (0.0524 − 0.0175) = 74.5 மீட்டர். பின்சக்கரம் திரும்பாவிட்டால் 49.6 மீட்டர்தான். அதாவது கார் 3.9 மீட்டர் அச்சு இடைத்தூரம் கொண்ட நீண்ட வண்டியைப்போல் நிதானமாக நடந்துகொள்கிறது.

1987-இல் ஹோண்டா செய்த தந்திரம்

வேகம் குறைவாக இருந்தால் எதிர்த்திசை, வேகம் கூடினால் ஒரே திசை. இதைக் கணினி இல்லாமல் எப்படிச் செய்வது?

1985-இல் நிசான் நிறுவனம் ஸ்கைலைன் காரில் ‘ஹைக்காஸ்’ என்ற ஹைட்ராலிக் முறையைக் கொண்டுவந்தது. 1987-இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை பிரெலூட்டில் ஹோண்டா வேறு வழியைக் கையாண்டது. முன் ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து பின்னால் வரை ஒரு நீண்ட தண்டு. அதன் முடிவில் ஒரு பல்சக்கரப் பெட்டி. ஸ்டீயரிங்கைக் கொஞ்சமாகத் திருப்பினால் பின்சக்கரங்கள் ஒரே திசையில் சுமார் 1.5 பாகை வரை போகும். மேலும் மேலும் சுழற்றினால் அவை நேராகி, பிறகு எதிர்த்திசையில் 5 பாகைக்குச் சற்று அதிகமாகத் திரும்பும்.

இதில் வேகத்தை அளக்கும் கருவியே தேவையில்லை. ஏன் என்று சிந்தியுங்கள். வேகமாகப் போகும் எவரும் ஸ்டீயரிங்கை முழுச் சுற்றுச் சுற்றமாட்டார். முழுச் சுற்று வாகன நிறுத்துமிடத்தில்தான் நடக்கும். மனிதரின் பழக்கத்தையே ஹோண்டா பொறியாளர்கள் வேகமானியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்!

மாறாதது எது?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். இந்த ஏற்பாடு இருந்தால் வளைவில் இன்னும் வேகமாகப் போக முடியுமா?

வளைவில் காரை வட்டப்பாதையில் வைத்திருப்பது மையநோக்கு விசை. சமதளச் சாலையில் அந்த விசையைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. ஆகவே மிக அதிக வேகத்தில்,

நிறை × வேகம்² ÷ ஆரம் = உராய்வுக் குணகம் × நிறை × 9.8

இரு பக்கத்திலும் உள்ள நிறை நீங்கிவிடும். வளைவின் ஆரம் 50 மீட்டர், காய்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.9 என்றால், வேகத்தின் வர்க்கம் 0.9 × 9.8 × 50 = 441. வேகம் வினாடிக்கு 21 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 76 கிலோமீட்டர். ஜொகூரில் மாலை மழை பெய்து குணகம் 0.5 ஆகக் குறைந்தால் அதே வளைவில் வேகம் மணிக்கு 56 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும்.

இந்தச் சமன்பாட்டில் பின்சக்கரக் கோணம் எங்கே இருக்கிறது? எங்குமே இல்லை. நான்கு சக்கரத் திருப்பம் காரை விரைவாகவும் ஆட்டமில்லாமலும் வளைவுக்குள் கொண்டு செல்லும். டயர் பிடிக்கும் எல்லையை அது உயர்த்தாது. இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. கார் ஆடாமல் போவதால் ஓட்டுநருக்குத் துணிச்சல் கூடலாம். அவர் வேகத்தைக் கூட்டினாலும் எல்லை அதே இடத்தில்தான் நிற்கும்.

அப்படியானால் கூப்பேக்கு இது தேவையா?

ஒரு கருவி நல்லதா என்று கேட்பதற்கு முன், அது தீர்க்கும் சிக்கல் நம்மிடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

நீளமான, கனமான கார்களுக்குச் சிக்கல் உண்மையிலேயே இருக்கிறது. 2020-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் பின்சக்கரங்கள் 10 பாகை வரை திரும்பும் வசதி தரப்பட்டது. மூன்று மீட்டருக்கும் அதிகமான அச்சு இடைத்தூரம் கொண்ட அந்தக் காருக்கு அது பொருத்தம்.

கூப்பேயோ இயல்பிலேயே குட்டையானது, இலகுவானது, சட்டென வளைவது. அதற்குக் கிடைக்கும் கூடுதல் நன்மை சிறியது. செலவு மட்டும் சிறியதன்று. கூடுதல் எடை, கூடுதல் மூட்டுகள், தேய்மானம், நான்கு சக்கரங்களையும் சீரமைக்க வேண்டிய பராமரிப்பு எல்லாம் சேரும். பின் மூட்டில் சிறு தளர்ச்சி ஏற்பட்டாலும் நேர்ச்சாலையில் கார் அலையத் தொடங்கும்.

வரலாறும் இதையே காட்டுகிறது. ஹைக்காஸ் பொருத்திய நிசான் கார்களின் உரிமையாளர்கள் பலர் அதைச் செயலிழக்கச் செய்து பின்சக்கரங்களை நேராகப் பூட்டிவிட்டார்கள். 2007-இல் வந்த நிசான் ஜிடி-ஆர் காரில் அந்த ஏற்பாடே இல்லை. 2025-இல் மீண்டும் பிறந்த பிரெலூட்டிலும் இல்லை. நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1996-இல் புரோட்டோன் நிறுவனம் பிரிட்டனின் லோட்டஸை வாங்கியது. 1998-இல் வந்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ, பின்சக்கரத் திருப்பம் இல்லாமலேயே, லோட்டஸ் பொறியாளர்கள் செப்பனிட்ட சஸ்பென்ஷனால் வளைவுகளில் பெயர் வாங்கியது.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். 2013-இல் போர்ஷே தன் 911 ஜிடி3 காரில் மின்னணுவால் இயங்கும் பின்சக்கரத் திருப்பத்தைச் சேர்த்தது. அதுவும் குட்டையான கூப்பேதான். ஆனால் அதன் கனமான இயந்திரம் பின்னால் இருக்கிறது. பந்தயத் தடத்தில் ஒரு வினாடியின் சிறு பகுதிகூட அதற்கு முக்கியம். சிக்கல் உண்மையானது, அதைத் தீர்க்கப் பணமும் இருக்கிறது. அங்கே அது தகும்.

அண்ணனுக்கு நான் சொன்ன விடை

மாணவரிடம் இப்படிச் சொன்னேன்: “தம்பி, இரண்டு காடிக்கும் ஒரே விலை, பின் மூட்டுகளும் நல்ல நிலையில் இருக்கின்றன என்றால் எதையும் வாங்கலாம். ஆனால் நான்கு சக்கரமும் திரும்புகிறது என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் நான்கு நல்ல டயர்கள் வாங்கச் சொல். சமன்பாட்டில் இருப்பது டயர்தான். பழைய காடிக்கு அந்தச் சிறப்பு உறுப்புகளைத் தேடி அலைவதும் எளிதன்று.”

அவர் கணக்கைத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டு போனார். மறுவாரம் வந்து, “அண்ணன் அந்தக் கணக்கை ரெண்டு தடவை போட்டுப் பாத்தாரு சார்” என்றார். விடையை நம்புவதற்கு அதைவிட நல்ல வழி வேறில்லை.

செய்து பாருங்கள்

பேரங்காடிகளில் சில தள்ளுவண்டிகளுக்கு முன்சக்கரங்கள் மட்டுமே சுழலும். சிலவற்றுக்கு நான்கும் சுழலும். இரண்டிலும் ஒரே அளவு பொருள் வைத்து, ஆளில்லாத இடத்தில் மெதுவாகத் தள்ளுங்கள். குறுகிய இடத்தில் எது எளிதாகத் திரும்புகிறது? நேராகத் தள்ளும்போது எது அலைகிறது? காரணத்தை இரண்டு வரிகளில் எழுதுங்கள்.

சிந்தனைக் கேள்விகள்

1. ஒரு பேருந்தின் அச்சு இடைத்தூரம் 5.8 மீட்டர். முன்சக்கரம் 30 பாகை திரும்புகிறது. பின்சக்கரம் எதிர்த்திசையில் 5 பாகை திரும்பினால் ஆரம் எவ்வளவு குறையும்? கூப்பேயுடன் ஒப்பிடுங்கள்.

2. வளைவின் ஆரம் 80 மீட்டர், ஈரச் சாலையின் உராய்வுக் குணகம் 0.5. மிக அதிக வேகம் எவ்வளவு?

விடைகள்: 1. சுமார் 1.3 மீட்டர்; கூப்பேயில் குறைந்ததைவிட இரு மடங்குக்கும் மேல். 2. வினாடிக்கு 19.8 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 71 கிலோமீட்டர்.