கோடைப் பணியும் இருபது நிமிஷ நேர்முகமும்

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்பின் முதலாண்டை முடித்தவர்கள், மறு கோடையில் ஏறக்குறைய 10 வாரம் ஊதியத்துடன் பணியாற்றும் வாய்ப்பைப் பெரிய வக்கீல் நிறுவனங்களிடம் பெறுவதற்கு, கல்லூரியின் ஏற்பாட்டில் ஆகஸ்டு மாதத்தை ஒட்டி நடந்துவந்த 20 நிமிஷ நேர்முகமே நெடுநாள் சம்பிரதாயம். இப்போதோ பல நிறுவனங்கள் அதற்கு முன்னரே நேரடியாக விண்ணப்பங்களை ஏற்றுவிடுவதால், கல்லூரி அட்டவணையை மட்டும் நம்பிக் காத்திருப்பது உசிதமன்று.

விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியும் கேள்விக்கு உரியது. பொழுதுபோக்கு சதுரங்கம் என்று அலங்காரத்துக்கு எழுதியவர், எதிரே இருப்பவர் தேர்ந்த ஆட்டக்காரராக வாய்த்துவிட்டால் திருதிருவென விழிக்க நேரும். எழுத்து மாதிரியாகக் கொடுக்கும் கட்டுரையின் வாதத்தை முதல் நாள் இரவே மறுபடி வாசித்துவிடுங்கள். தாம் எழுதியதையே மறந்தவர்கள் உண்டு.

காலை முதல் மாணவர் வரிசையைக் கண்டு களைத்த வக்கீல், ‘நீங்கள் ஏதேனும் கேட்க வேண்டுமா?’ என்னும்போது, ‘ஒன்றுமில்லை’ என்பதைப் போன்ற அபத்தம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். ‘சென்ற கோடையில் வந்தவருக்கு முதல் வாரம் என்ன வேலை கொடுத்தீர்கள்?’ என்று கேளுங்கள். தேறினால், நிறுவனத்தின் அலுவலகத்தில் பலரைச் சந்திக்கும் இரண்டாம் சுற்றுக்கு அழைப்பு வரும்.