பொறி வைத்துப் பிடித்தால் போதுமா?

கேள்வி: ரகசிய ஆட்களை அனுப்பி, பொறி வைத்துத் தீவிரவாதிகளைப் பிடிக்கிறது அமெரிக்க எஃப்.பி.ஐ. அதனால் உண்மையில் பயன் உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: சில நேரம் உண்டு. ஆனால், நியூயார்க் மாநிலம் நியூபர்க்கில் 2009இல் நடந்ததைப் பாருங்கள். மோசடி வழக்கில் சிக்கி அரசின் உளவாளியான ஒருவர், பணக்கார வியாபாரி வேடத்தில் மசூதிக்கு வந்தார். காசுக்குத் திண்டாடிய ஓர் ஆளைப் பிடித்து, 2,50,000 டாலர் ஆசை காட்டினார். அந்த ஆள் மேலும் மூவரைச் சேர்த்தார். யூத வழிபாட்டுத் தலங்களில் குண்டு வைப்பது, ராணுவ விமானத்தை ஏவுகணையால் வீழ்த்துவது என்பது திட்டம். குண்டும் ஏவுகணையும் எஃப்.பி.ஐ. கொடுத்த போலிகள். குண்டு வைக்கக் காரோட்டிப் போனவரும் உளவாளியேதான்!

நால்வருக்கும் தலா 25 ஆண்டு சிறை. தண்டனை விதித்த அதே நீதிபதி கொலின் மக்மேன், 2023இல் மூவரையும் 2024இல் நான்காமவரையும் விடுவிக்க உத்தரவிட்டார். சதியின் உண்மையான தலைவர் அமெரிக்க அரசே என்றும் சாடினார்.

நால்வரும் உத்தமர்கள் அல்லர்; நிஜக் குண்டு என்று நம்பித்தான் வைத்தார்கள். ஆனால், உளவாளி வராவிட்டால் அந்தச் சதியே இல்லை. இருக்கும் சதியை முறியடித்தால் அது பாதுகாப்பு. இல்லாததை உண்டாக்கிப் பிடித்தால் வெறும் கணக்குக் காட்டல்.