ரேடியோ குமிழை மாற்றப் போகிறீர்களா?

ஜார்ஜ்டவுன் கடற்காற்றில் உப்பும் ஈரமும் கலந்தே வரும். 9எம்2 அழைப்புக்குறி வைத்திருக்கும் பினாங்கு ஹாம்களின் (அமெச்சூர் வானொலியாளர்களின்) விரல் ஓயாமல் படுவது டியூனிங் குமிழில். அதன் ரப்பர் வளையம் நாளடைவில் பிசுபிசுத்து கையில் ஒட்டும்.

பிசுபிசுப்பு மட்டும்தானா? குமிழை மாற்றவே வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, புது வளையம் போட்டால் போதும்.

விரிசல் விட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, குமிழின் பக்கவாட்டில் சின்னத் துளையைத் தேடுங்கள். சில மாடல்களில் அது ரப்பர் வளையத்துக்கு அடியில் மறைந்திருக்கும். உள்ளே இருப்பது தலையில்லாத திருகாணி. அளவு பொருந்தாத ஆலன் சாவியைப் போட்டால் திருகாணியின் அறுகோணக் குழி மழுங்கிவிடும், பிறகு பெரும்பாடு. துருப்பிடித்து இறுகியிருந்தால் துளையை மேல்நோக்கித் திருப்பி, பல்குத்தும் குச்சி முனையால் ஒரே ஒரு துளி துரு நீக்கும் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் பொறுக்கலாம். ஸ்குரூடிரைவரால் நெம்பக்கூடாது, பின்னாலுள்ள என்கோடர் பழுதாகிவிடும். திருகாணியைத் தளர்த்தியபின் குமிழை நேராக இழுத்தே கழற்ற வேண்டும்.

லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் குமிழ் தேடப் போகிறவர்கள் அச்சுத்தண்டின் விட்டத்தை அளந்துகொண்டு போவது நல்லது. 6 மில்லிமீட்டரும் கால் அங்குலமும் (6.35 மி.மீ.) பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பெரிய துளையுள்ள குமிழைச் சிறிய தண்டில் மாட்டினால் அது கோணலாகச் சுழலும்.

தண்டில் தட்டையான பக்கம் இருந்தால் திருகாணி அதன்மேல்தான் உட்கார வேண்டும். பழைய குமிழுக்குப் பின்னால் கம்பளி வளையம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அது இல்லாவிட்டால் புதுக் குமிழ் முகப்பை உரசிக் கீறும்.