வதந்திக்கு விலை கொடுப்பவர் யார்?

அன்புள்ள பேரனுக்கு,

நாமக்கல்லிலிருந்து ஆசீர்வாதம். அமெரிக்க அரசியல் விமரிசகர்கள் தொலைக்காட்சியில் ஒருவருக்கொருவர் நேர் விரோதமாகப் பேசுவதைக் கேட்டு, யாரை நம்புவதென்று மனம் கலங்கி எழுதியிருக்கிறாய். அபிப்பிராயம் சொல்வது அவரவர் சுதந்திரம். ஆனால் ஒரு சம்பவம் நடந்ததாகச் சொல்பவரிடம் சாட்சியம் கேட்பது உன் உரிமை.

2020 நவம்பரில் நடந்த அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் டொமினியன் கம்பெனியின் வாக்கு இயந்திரங்கள் மோசடி செய்தன என்ற கூற்று ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் ஒலித்தது. கம்பெனி தொடுத்த அவதூறு வழக்கில், அந்த நிலையத்தின் பிரபல விமரிசகர் சிலரே அதை அந்தரங்கத்தில் நம்பவில்லை என்பதும், மறுத்துப் பேசினால் நேயர்கள் போட்டி நிலையத்துக்குப் போய்விடுவார்களே என்ற அச்சம் அங்கே நிலவியதும் வெளியாயின. 2023 ஏப்ரல் 18 அன்று 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து ஃபாக்ஸ் சமரசம் செய்துகொண்டது.

அதே 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இங்கே நம் நாட்டில், கோழியாலும் முட்டையாலும் கொரோனா பரவுகிறது என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியே ஊர் ஊராகப் பரவியபோது, அதற்கு ஆதாரமில்லை என்று மத்திய அரசு அறிவித்தும் ஜனங்களின் பயம் தெளியவில்லை; வாங்குவோர் குறைந்து விலை சரிந்தது. விலை சரிந்துவிட்டதென்று கோழி முட்டையிடுவதை நிறுத்துவதில்லை. மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தை அன்றாடம் போட்டே தீரவேண்டும். முட்டையையோ நெடுநாள் வைத்திருக்க இயலாது. ஆகையால் நம் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அடக்க விலைக்கும் குறைவாக விற்று நஷ்டப்பட்டார்கள்.

பெயரும் முகவரியும் உடைய தொலைக்காட்சி நிலையத்தை நியாயஸ்தலத்துக்கு இழுக்க ஒரு கம்பெனியால் முடிந்தது. எண்ணற்ற கைகள் வழியே வந்த வதந்தி விஷயத்திலோ, ஒருவர் இருவரைப் பிடித்துத் தண்டித்தாலும், பண்ணைக்காரரின் நஷ்டத்தை ஈடு செய்ய ஆளில்லை. 'எனக்கு வந்ததை அனுப்பினேன்' என்று ஒவ்வொருவரும் விலகிக்கொள்கிறார். சட்டத்தின் கை எட்டாத இந்த இடத்தில் அவரவர் மனச்சாட்சியே நியாயாதிபதி.

ஆகவே, சொல்பவர் யார், அதை அவர் எவ்வாறு அறிந்தார், பொய்யென்று தெரிந்தால் பகிரங்கமாகத் திருத்துவாரா என்று கேள். கேட்பவர் விரும்புவதால்தான் பொய் விற்பனையாகிறது. எனவே உன் மனத்துக்கு உகந்த கட்சிக்கு அனுகூலமான செய்தியை இன்னும் கடுமையாகப் பரிசோதி. விடை கிடைக்காத எதையும் பிறருக்கு அனுப்பாதே; பிறர் பிழைப்பு அதில் அடங்கியிருக்கிறது.

இப்படிக்கு,
அன்புள்ள தாத்தா